ஏழாம் அறைக் கதவு

பிப்ரவரி 6, 1983. ஞாயிறு
ஆறு வருடமாக ஞாயிறு மதியம் என் வீட்டு நிலவறையில் பகடை உருட்டி ஆடும் மாயலோகக் கதை விளையாட்டு. குகை, பூதம், புதையல் எல்லாம் நான் கட்டுவேன்; கர்ட், லோயிஸ், ஹாங்க் ஆளுக்கொரு கற்பனை வீரராக உள்ளே நடப்பார்கள். இன்று பனியில் சறுக்கிக்கொண்டே கர்ட் ஒரு கணினியைத் தூக்கி வந்தான்.

"வெர்ன், நீ ஒரு வாரம் மண்டைய உடைச்சுக்கிறத இது அஞ்சு நிமிஷத்துல செஞ்சிடும்டா!"

கரகரவென்று ஒரு குகையின் அறை விவரம் அவன் கைக்கு அச்சாகி வந்தது. கதை நடத்தும் என் நாற்காலியில் அவன். நான் வெறும் போர்வீரன். நடந்த அறைகளை வரைபடம் போடும் வேலையும் என் தலையில். ஏழாம் அறைக் கதவில் விஷ ஊசி. மயிரிழையில் பிழைத்தேன்.

லோயிஸ் கைதட்டினாள். எனக்கு என்றாவது தட்டியிருக்கிறாளா?

பிப். 9
வயிறு எரிகிறது. பொறாமைதான், வேறென்ன.

பிப். 13
இன்று பாழடைந்த கோட்டையாம். ஐந்து அறையோடு நிறுத்தினோம். ஹாங்க் சொல்கிறான்: "வெர்ன் கதையில எப்பவும் பாலம் உடையும். இதுல அடுத்து என்னன்னே தெரியலடா!"

பிப். 15
வேலை பார்க்கும் சீஸ் ஆலையில் சாப்பாட்டு இடைவேளை. இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்தேன். மூன்றாம் அறையில் அன்று குகையில் ஆறு ஓநாய். போன ஞாயிறு கோட்டையில் ஆறு எலும்புக்கூடு. நான்காவது இரண்டிலும் காலி. கர்ட் பெட்டிக்குள் மாற்றிக் கொடுத்தது பெயர்ப் பட்டியலை மட்டும்! மீதியை அவன் கவனிக்கவே இல்லை. அணைத்துப் போட்டால் அந்தப் பெட்டி முதலிலிருந்து அதே பகடை எண்களைத்தான் உருட்டுகிறது. அப்படியானால் ஏழாம் கதவில் மறுபடி ஊசி.

ஞாயிறு எல்லார் முன்னாலும் அவன் மானத்தை வாங்குகிறேன்.

பிப். 20
வாங்கவில்லை.

இன்று கல்லறை. ஏழாம் கதவில் கை வைத்தது லோயிஸ் விளையாட்டில் நடத்தும் வில்லாளி ஏலின். நான்கு வருடமாக வளர்த்தவள். அவள் பலம், ஆயுதம் எல்லாம் அழித்து அழித்து எழுதி அந்தத் தாளே ஓட்டை. "தொடாதே" என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஒரு சாவு விழட்டும், பெட்டியின் லட்சணம் தெரியட்டும் என்று... ஏன்டா வெர்ன், இப்படியா?

லோயிஸ் பகடையை உருட்டினாள். மூன்று. பிழைக்கப் போதாது. ஏலின் போய்விட்டாள்.

லோயிஸ் ஏலினின் தாளை மடித்துப் பையில் வைத்தாள். கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு படியில் நின்றாள். "நீ நடத்தியிருந்தா அவளச் சாக விட்டிருக்க மாட்ட, வெர்ன்."

இதைக் கேட்கத்தானே ஆசைப்பட்டேன்?

பிப். 27
கணினி வரவில்லை. கர்ட் நாற்காலியை என் பக்கம் தள்ளினான். "உக்காருடா. தோத்துட்டேன்."

உட்காராமல் வரைபடங்களை மேசையில் விரித்தேன். அறை அறையாக விரல் வைத்துப் பார்த்தான்.

"எல்லாம் ஒண்ணா? இது உனக்கு எப்பத் தெரியும்?"

லோயிஸ் புதுத் தாளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் நின்றது.

"அவ கதவத் தொடறதுக்கு அஞ்சு நாள் முன்னாடி."

யாரும் விளையாடவில்லை. நாற்காலி அவன் தள்ளிவிட்ட இடத்திலேயே இருக்கிறது.