பதினாறு தப்பு விடைகள்

லேக் கார்டன்ஸ்,
புதன்கிழமை.

ரூர்கேலாவில் இருந்துகொண்டே கொல்கத்தாவில் ஒரு மேதையை வளர்த்துவரும் என் கணவர் நரேன் அவர்களுக்கு அகிலா எழுதுவது. இங்கே நானும் நம் மகள் ஜானகியும் நலம். உங்கள் மேதையைத்தான் பத்து நாளாகக் காணோம்.

காகிதத்தில், அதுவும் கூரியரில் எதற்கு என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அடுத்த நிமிடம் உங்கள் குடும்பக் குழுவில் இருக்கும். போனில் பேசினால் ஸ்பீக்கரைப் போட்டு, பக்கத்து சீட்காரரிடம் "என் பொண்ணு வர்க்கமூலம் சொல்லுவா, கேளுங்க" என்பீர்கள். இதையாவது தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் உங்கள் அருமை நண்பர் லக்ஷ்மிநாராயணன் சார். பாலிகஞ்சில் கணக்குப் போட்டிக்குப் பயிற்சி கொடுக்கும் ஏசி அறை, சுவரெல்லாம் கோப்பை வாங்கிய பிள்ளைகளின் படம். ஏழு வயதுக் குழந்தையை ஒரு மணி நேரம் பரீட்சை எழுத வைத்துவிட்டு வெளியே வந்தார். "இருபதுக்கு நாலும்மா. சாதாரணக் குழந்தைதான். நரேன் சார் கொஞ்சம் ஓவராச் சொல்லிட்டார்" என்றார். அப்போது அவர் முகத்தில் வழிந்த இரக்கம் இருக்கிறதே, அப்பப்பா! உங்களுக்கும் உடனே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

விடைத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். நான் பி.காம்., அதுவும் தட்டுத்தடுமாறித் தேறியவள். எனக்கே ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. முதல் நான்கும் சரி. மீதிப் பதினாறிலும் சரியான விடையோடு ஒன்றைக் கூட்டி எழுதியிருக்கிறாள். 56க்கு 57. 144க்கு 145. விடை தெரியாத குழந்தையால் இப்படித் தப்புப் பண்ண முடியுமா? ஊரில் உள்ள மேதைகளையெல்லாம் சலித்து எடுக்கிறவர் கண்ணுக்கு இது படவில்லை. சிவப்புப் பேனாவால் தப்புப் போடுகிற சுகத்தில் இருந்திருக்கிறார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!

ஏன்டி என்று கேட்டேன். நான்கு கணக்கு எழுதி முடித்ததும் பின்னால் நின்ற சார், "இவளுக்கு அடுத்த பேப்பரை எடுத்து வைங்க" என்றாராம். "சரியாப் போட்டா இன்னொண்ணு குடுப்பாங்கம்மா. தப்பாப் போட்டா விட்டுடுவாங்க" என்றாள். கண்ணைக்கூடக் கசக்கவில்லை.

இந்தப் பாடம் அவள் பள்ளியில் படித்ததல்ல, நம்மிடம் படித்தது. சரஸ்வதி பூஜையன்று இந்த ஊரில் எந்தப் பிள்ளையும் புத்தகத்தைத் தொடாது. புத்தகமெல்லாம் சிலையின் காலடியில் இருக்கும், மஞ்சள் புடவையைச் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் தெருவில் ஆடும். சரஸ்வதியே லீவு விட்டாலும் நரேன் சார் விடுவாரா? பூஜைக் கமிட்டிக்குப் போன் போட்டு அவளை மேடையேற்றி, வீடியோ காலில் இருபத்தைந்து கேள்வி கேட்டீர்கள். கீழ்வீட்டு பௌதி, அந்த வங்காளி அண்ணி, குழந்தையின் பிரசாதக் கிச்சடி ஆறிப்போகிறது என்று இரண்டு தடவை சொன்னாள். காதில் வாங்காமல் பல்லைக் காட்டிக்கொண்டு போனைப் பிடித்து நின்றவள் நான்தான். எனக்கும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது அவள் என்ன படிக்கிறாள் என்று கேளுங்கள். சாயங்காலம் லேக் கார்டன்ஸ் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நிற்கிறோம். எந்த லோக்கல் எத்தனை நிமிடம் லேட் என்று கட்டம் போட்டு எழுதுகிறாள். போன வாரம் ஒரு வண்டி இரண்டு நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டது. "லேட் கட்டத்துல இப்ப என்ன போடறது?" என்று தவித்துப் போனாள். எனக்குத் தெரியாது என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்து, பூஜ்யத்துக்குக் கீழேயும் எண் இருக்க வேண்டும் என்று அவளே கண்டுபிடித்து, தெருவிலேயே குதித்தாள். நான் செய்த உதவி குடை பிடித்தது மட்டும். இதற்குக் கோப்பை கிடையாது, போட்டோ எடுத்துத் தொலைக்காதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "மறுபரீட்சையில தேறட்டும், அப்புறம் வர்றேன்" என்று போன ஞாயிறு சொன்னீர்களே, அது அவள் காதில் விழுந்துவிட்டது. மாதம் ஒருமுறை வருகிற அப்பாவுக்கு நுழைவுத் தேர்வு வைத்த மகராசன் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

நேற்று தலை பின்னும்போது கேட்டாள்: "சரியா எழுதினா அப்பா வருவார். வந்தா கேள்வி கேப்பார். தப்பா எழுதினா வரவே மாட்டார். இதுக்கு எதும்மா சரி?"

பின்னலை அவிழ்த்து மறுபடியும் பின்னினேன். பிறகு, பரீட்சையே கிடையாது, அப்பா சனிக்கிழமை வருகிறார் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன். உடனே ஓடிப்போய் நோட்டை எடுத்து, உங்கள் ரயில் ஹவுராவுக்கு வரும் நேரத்தை எழுதி வைத்திருக்கிறாள். லேட் கட்டம் காலியாக இருக்கிறது.

வாருங்கள். வந்ததும் எதுவும் கேட்காதீர்கள், அவள் கேட்பாள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அதற்கு அவள் மார்க் குறைக்க மாட்டாள். எத்தனை நிமிடம் லேட்டானாலும் அவளுக்கு எழுதத் தெரியும். வராமலே இருந்துவிட்டால் என்ன எழுதுவது என்று மட்டும் அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்க வைத்துவிடாதீர்கள்.

இன்னும் உங்கள்,
அகிலா