பதினேழும் பதினெட்டும்

என் செல்லச் சண்டைக்காரிக்கு,

அம்மாவின் மறதி நோய் நமக்கும் வருமா என்று பார்க்க ரத்தம் கொடுத்தோமே, மரபணு முடிவு வந்துவிட்டது. ஒருத்திக்கு இருக்கிறது, ஒருத்திக்கு இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் ரத்தக் குழாயின் மேல் பெயர் எழுதக் கூடாது. எண் மட்டும்தான் ஒட்டுவோம். எந்த எண் யாருடையது என்பதைப் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். நம்முடையவை பதினேழும் பதினெட்டும்.

"குறிச்சு வை அக்கா" என்று நீ அப்போதே சொன்னாய்.

"போடி, ரெண்டே ரெண்டு நம்பர். இதைக்கூடவா மறந்துடுவேன்?" என்று உன் வாயை அடைத்தேன்.

பதினேழில்தான் இருக்கிறது. அது யாருடையது என்று மூன்று நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன்.

"ரெண்டு பேருக்கும் திரும்ப எடுத்துட்டாப் போச்சு, இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?" என்கிறார் மேலதிகாரி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எண்ணை மறந்தவள் எவளோ, அவளுடையதுதான் பதினேழு.

உனக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும். லீவு போட்டுக்கொண்டு அலையாதே. உன் எண் உனக்கு ஞாபகம் இருந்தால் என்னிடம் சொல்லாதே.

ஞாபகம் இல்லாவிட்டால், பதினெட்டு என்றே வைத்துக்கொள்.

உன் அக்கா