பன்னிரண்டை இருபதாக்கியவளுக்கு

காலையில் ஆஸ்பத்திரியில் டோக்கன் சீட்டு கொடுத்தார்கள். அதில் என் பெயரில் பாதியைக் காணோம். கேட்டால், "சிஸ்டத்துல அவ்ளோதாங்க வரும்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். எனக்குச் சுர்ரென்று ஏறியது, அவள் மேல் அல்ல, உன் மேல். நீ போய் மூன்று மாதமாகிறது. செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. சேலத்தில் அந்த போர்வெல் ரிக் கம்பெனி ஆபீசில், ஏசி அறைக்குள் கம்ப்யூட்டர் மெஷின் முன்னால் நீயும் நானும். நீ புதுச்சத்திரத்திலிருந்து பஸ் ஏறி வருவாய், நான் இளம்பிள்ளையிலிருந்து. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மழை இல்லாத வருடம் அது. போர் போடப் பதிந்திருந்த குடியானவர்கள் எல்லாரும் அந்த மெஷினுக்குள் வரிசையில் காத்திருந்தார்கள். பெயர், ஊர், சர்வே நம்பர், எத்தனையாவது ஆள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி.

ஊருக்குப் பன்னிரண்டு எழுத்துதான் இடம். அயோத்தியாப்பட்டணத்தை இங்கிலீஷில் அடித்தால் பட்டணம் பாதியில் நின்றுவிடும். முதலாளி ஒரு நாள் பிரிண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஏனுங்க, ஒரு ஊர் பேரை முழுசா அடிக்க இதுக்குத் துப்பில்லீங்களா? சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிப்போடுங்க."

முறையாகச் செய்வதென்றால் எல்லாவற்றையும் டேப்பில் இறக்கி, அகலமாக வேறு அட்டவணை போட்டு, திரும்ப ஏற்ற வேண்டும். முழு நாள் வேலை. உனக்குத்தான் பொறுமை கிடையாதே. நாம் பதியும் அட்டவணைகள் போக, மெஷின் தனக்கென்று வைத்திருக்கும் அட்டவணைகள் சில உண்டு. எந்தக் கட்டத்துக்கு எத்தனை எழுத்து என்று அது தனக்கே எழுதி வைத்துக்கொள்ளும் இடம் அது. அதைத் திறக்கும் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும் இருந்தது.

"பன்னெண்ட அழிச்சுட்டு இருவதுன்னு போட்டா முடிஞ்சுது. ஒரே ஒரு நம்பர் புள்ள."

"அதுல கைய வெக்காத. அது மெஷினோட சொந்தக் கணக்கு. நாம பாக்கலாம், திருத்தக் கூடாது."

சொன்னேனா இல்லையா? சொல்லிவிட்டு, பார்க்கத் திறந்ததை மூடாமல் சாப்பிடப் போனேன். என் தப்பு அவ்வளவுதான். அதற்குள் என் நாற்காலியில் உட்கார்ந்து மாற்றிவிட்டாய். நாலு படி டின்னின் மேல் எட்டு படி என்று சீட்டு ஒட்டினால் டின் பெரிதாகிவிடுமா? ஊர் போய் பக்கத்திலிருந்த சர்வே நம்பரைக் கடித்தது, சர்வே நம்பர் அடுத்ததைக் கடித்தது. திரும்பி வந்த நான் ஒன்றும் தெரியாமல் மத்தியானம் முழுக்கப் புதுப் பதிவுகளை அடித்தேன். ஒவ்வொன்றும் முன்னால் இருந்த ஆளை அழித்துவிட்டு உட்கார்ந்தது. கடைசியாக எடுத்து வைத்த டேப்போ ரொம்பப் பழசு.

மறுநாள் ஒருவர் ரசீதோடு வந்து நின்றார். "ஆறு வாரமாக் காத்துக் கெடக்கறனுங்க. எம்பட பேரே இல்லீங்களா?" அவர் தென்னை காய்ந்துகொண்டிருந்தது. அந்த மனுஷர் முகத்தை நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"யாருங்க இதுக்குள்ள கைய வெச்சது?" என்றார் முதலாளி. பாஸ்வேர்டு என்னுடையது, திருத்திய ஆள் என்று மெஷினில் என் பெயர்தான் விழுந்திருந்தது. நான் உன்னைப் பார்த்தேன். நீ பிரிண்ட் பேப்பரின் ஓட்டை போட்ட ஓரங்களைக் கிழித்துக்கொண்டிருந்தாய், ரொம்பக் கவனமாக. உன்னைப் பிடிக்காமல் இருந்திருந்தால் அப்போதே கத்தியிருப்பேன்.

வேலை போய் நான் நின்ற பஸ் ஸ்டாண்டில் வந்து அழுதாய். "நான்னு தெரிஞ்சா எங்க ஊட்டுல உடனே எவனையாச்சும் பாத்துக் கட்டிக் குடுத்துத் தாட்டி உட்ருவாங்க. கொஞ்ச நாள் போகட்டும், நானே சொல்லிப்போடறேன்." நம்பினேன். என் வீட்டில் மட்டும் என்ன, மாலை போட்டு வரவேற்றார்களா? "பொம்பளப் புள்ளைக்கு மெஷின் எதுக்குன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார் அப்பா. அதோடு சரி. தறிக்குத் தார் சுற்ற உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு கீபோர்டைத் தொட்டதே இல்லை. நீ அதே அறையில் பெரிய ஆளானாய். பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அட்டை அனுப்பினாய். கரும்புப் படம் இருக்கும், அந்த விஷயம் இருக்காது.

துக்கம் கேட்க வந்தபோது உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவளும் டேட்டாபேஸ் வேலைதானாமே. "நீங்கதானுங்களா அது? சிஸ்டம் டேபிளத் தொட்டு வேலை போனவங்கன்னு அம்மா சொல்லுவாங்க. எங்க ஆபீஸ்ல புதுசா வர்றவங்களுக்கு அதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேனுங்க."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. பிரியமாகத்தான் சொன்னாள், அதுதான் தாங்கவில்லை. பெற்ற மகளிடமும் மாற்றித்தான் சொல்லியிருக்கிறாய். நடுக்கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமா சாமி, நாந்தான்" என்றேன்.

இந்தக் கோபத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எங்கே போனாலும் கூடவே வருகிறது. முப்பத்தைந்து வருடத்தில் உன்னிடம் நான் எதிர்பார்த்தது அந்த ஒரே ஒரு 'நாந்தான்'. கடைசியில் அதையும் நானே சொல்ல வேண்டியதாயிற்று.