நான் ஊற்றாத தண்ணீர்

மாடிக்கு ஏறியதுமே நாற்றம் மூக்கில் ஏறியது. அழுகின வெங்காயத்தை ஊறப்போட்டாற்போல ஒரு வீச்சம். எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று மூலைமுடுக்கெல்லாம் தேடினேன். எலியில்லை, உங்கள் செடி. நீங்கள் போன பிறகு கைப்பிடிச் சுவரோரம் மிச்சமிருக்கிற ஒரே தொட்டி. அடியிலைகள் பழுப்பேறித் தொங்கிக்கொண்டிருந்தன.

கரியாலூர் பஸ்ஸில் கண்டக்டராக மலையேறி இறங்கிக்கொண்டிருந்தவரைக்கும் உங்களுக்குச் செடி கொடியெல்லாம் கண்ணிலேயே பட்டதில்லை. கிட்னி கெட்டு, டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. அதுவும் ரோஜா மல்லியா? சதை சதையாக இலை வைக்கிற இந்த சக்குலண்ட்தான் வேண்டும். "இது என் ஜாதிடி. தண்ணி கம்மியா குடிச்சினு உயிரோட இருக்கும்" என்பீர்கள். உங்கள் டிரைவர் சிநேகிதர் மலையிலிருந்து பருமணல் மூட்டை கட்டிக் கொண்டுவந்து போட்டார். ரிஷிவந்தியம் பக்கம் நெல்லும் கரும்பும் போட்டுப் பழகின உங்கள் அப்பா தொட்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத வச்சி இன்னாடா பண்ணுவ? ஆடுகூடத் தின்னாதே" என்றார். வீடே சிரித்தது.

இலை பழுப்பானால் நான் உடனே சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். கையைப் பிடித்து நிறுத்துவீர்கள். "அவசரக்குடுக்க, மொதல்ல அமுக்கிப் பாரு. மொறுமொறுன்னு இருந்தா வெயிலு. கொழகொழன்னு இருந்தா தண்ணி ஜாஸ்தி."

அமுக்கிப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது. தண்ணீர்தான். ஆனால் நான்தான் ஊற்றுவதே இல்லையே! மண்ணைத் தொட்டால் சேறாக இருந்தது. மழையில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன், அப்போதும் புது ஈரம்.

சொன்னால் சிரிப்பீர்கள், நீங்கள்தான் வந்து ஊற்றிவிட்டுப் போகிறீர்கள் என்று நினைத்தேன். பயம் இருந்தது, அதைவிட ஆசை ஜாஸ்தி இருந்தது. குழாயடியில் குடம் நிரம்பும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் உங்கள் குரல்தானே கேட்டுக்கொண்டிருக்கிறது, "ஒரே ஒரு வாய் குடேன்" என்று. டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு மடக்கு நான் கொடுத்ததில்லை. டம்ளரில் அளந்து, கல்நெஞ்சுக்காரி என்று பெயர் வாங்கினேன். அப்படியும் ஒவ்வொரு தடவை டயாலிசிஸுக்குப் போகும்போதும் உங்கள் எடை ஏறியிருக்கும். நர்ஸம்மா என்னைத்தான் பிடித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து நான் உங்களைப் பிடித்துக்கொள்வேன். "திருட்டுத்தனமா குடிக்கிறீங்களா?" நீங்கள் ஃபேனைப் பார்த்துச் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்புக்கு எனக்கு அர்த்தமே தெரியாமல் போய்விட்டது.

அடுத்த நாள் விடியும்போது தண்ணித் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். படியில் காலடிச் சத்தம் கேட்டது. வந்தது நீங்களில்லை, உங்கள் அப்பா. முட்டி வலிக்காரர், சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார், கையில் சொம்பு. விளிம்பு வரைக்கும் ஊற்றினார். அப்புறம் குனிந்து, இலைகிட்ட வாயை வைத்துச் சொன்னார்:

"குடிடா, குடி. அவ பாக்கல."

ஐயோ! அந்த எடை எங்கிருந்து வந்தது என்று அந்த நிமிஷம் புரிந்தது.

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். "தாகம்னு அழுதான்மா. பெத்தவன் எப்டிம்மா தண்ணி இல்லன்னு சொல்றது? நீ அந்தாண்ட போனதும் ஊத்துவேன்." செடியைத் திரும்பிப் பார்த்தார். "அதனாலதான் எம்புள்ள பூட்டானாம்மா?"

என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஒரே வார்த்தை போதும், அந்த மனுஷன் அங்கேயே முடிந்திருப்பார். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதனால்தானா, இல்லையா? இதயம் நின்றது என்றுதான் டாக்டர் சொன்னார். எதனால் நின்றது என்று நானும் கேட்கவில்லை.

"இல்லீங்க மாமா" என்றேன். "அவரு தாகமில்லாம போனாருங்க. அது உங்களாலதான்."

உங்களை எரித்துவிட்டு வந்த அன்றைக்குக்கூட அழாத மனுஷன், வெறுந்தரையில் உட்கார்ந்து, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார்.

வெயில் ஏறின பிறகு இரண்டு பேருமாகச் செடியைப் பிடுங்கினோம். வேரெல்லாம் கறுத்துக் கூழாகியிருந்தது. பிளேடை வைத்துத் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே வந்தேன், கறுப்பில்லாத இடம் தெரிகிற வரைக்கும். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்டின வாய் காயட்டும் என்று நிழலில் போட்டு வைத்து, அது காய்ந்ததும் உங்கள் பருமணலில் ஊன்றினோம். "எப்பம்மா தண்ணி ஊத்தறது?" என்று கேட்டார். "நானே சொல்றேங்க மாமா" என்றேன். பிழைக்குமா, பிழைக்காதா, தெரியவில்லை.

கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அவர் நிம்மதியாகச் சாப்பிடுவதைப் பார்த்தால் சில நாள் எனக்கு வயிறு எரிகிறது. வேறு சில நாள், நல்லவேளை யாராவது ஒருத்தர் உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்களே என்று அவர் காலில் விழத் தோன்றுகிறது. எந்த நாளாக இருந்தாலும் தட்டில் சோற்றைப் போட்டு, பக்கத்தில் தண்ணீரை வைத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்கிறேன்.