கொண்டுவர முடியாத பாசி

பிரிக்ஃபீல்ட்ஸ், 1934

கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கும் உனக்கு,

வரிசைப்படுத்தினால்தான் எனக்கு எழுத வரும்.

1. செமினி ஊர் முனியாண்டி கோயில் காட்டில் நான் கண்ட பாசி.
2. அதை வீட்டுக்குக் கொண்டுவராத காரணம்.
3. நீயும் வருகிறேன் என்றபோது, பாசி பார்ப்பது தனி ஆள் வேலை என்று நான் சொன்னது சரியே. அதற்காக நீ கோபித்துக்கொண்டு போயிருக்க வேண்டாம்.

முனியாண்டி கல்லுக்குப் பின்னால், வேர்களுக்கு நடுவே ஒரு பொந்து. பூதக்கண்ணாடியோடு குனிந்தேன். நகத்தளவு பாசி, இருட்டிலும் பச்சைப் பொன்னாகத் தெரிந்தது. ஒவ்வொரு தண்டின் நுனியிலும் ஒரு நீர்த்துளி. ஒவ்வொரு துளிக்குள்ளும் அந்தக் காடு முழுவதும் தலைகீழாக நின்றது. மூச்சுவிடவே பயமாக இருந்தது. என் புத்தகங்களில் இது இல்லை. எனக்குத் தேடத் தெரியாமலும் இருக்கலாம்.

கத்தியை எடுத்தேன். பூசாரி அய்யாவு தடுத்தார்.

"வேணாங்கய்யா. இங்கேருந்து ஒரு சுள்ளிகூட வெளிய போகாது. எடுத்தா முனி வீடு தேடி வந்து கேப்பாரு."

சுற்றிலும் ரப்பருக்காகக் காட்டை அழித்தாகிவிட்டது. இந்தப் பயம்தான் இதை மட்டும் காப்பாற்றியிருக்கிறது. கத்தியை மடக்கினேன்.

மறுபடி குனிந்தபோது, என்னையறியாமல், "இங்கே வந்து பாரேன்!" என்று கூவிவிட்டேன்.

"யாரக் கூப்பிடுறீங்க?" என்றார் அய்யாவு.

"வீட்டில். கிள்ளானில் இருக்கிறாள்."

"அப்ப இன்னும் கொஞ்சம் சத்தமாக் கூப்பிடுங்க."

அதற்குத்தான் இந்தக் கடிதம். பாசி இங்கே வராது. நாம்தான் போக வேண்டும். செமினிக்குப் பக்கத்தில், காஜாங் வரை ரயில் இருக்கிறது.

மூன்றாவதாக எழுதியது தவறு.

உன் வீட்டுக்காரன்