வலி குறைந்ததே குற்றமாய்ப் போனது

சண்டை போடக்கூட ஆளில்லாமல் என்னை விட்டுப் போன என் அக்காவுக்கு,

உன் படத்துக்கு முன்னால் நின்று பேசலாம் என்றால் முடியவில்லை. என் மாமியார் எட்டிப் பார்க்கிறார். "யாருகிட்டம்மா பேசிகினு இருக்கே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தலையை ஆட்டிக்கொண்டே போகிறார். முன்பெல்லாம் நான் அடுப்போடும் குழாயோடும் பேசினால்கூட யாரும் கண்டுகொண்டதில்லை. இப்போது நான் முணுமுணுத்தால் அதற்கு ஒரு அர்த்தம் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

புயலில் முந்திரித் தோப்பெல்லாம் படுத்ததே, அதற்கு அடுத்த வருஷம் மஞ்சள் காமாலையில் நீ போனாய். நீ போன பிறகுதான் எனக்கும் அது வந்தது. எது என்று உனக்கு விளக்க வேண்டுமா? அடிவயிற்றுக்கும் கீழே, எந்த இடம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்தில் வருமே, அந்த வலிதான். கர்ப்பப்பையை எடுத்த பிறகும் உனக்கு வலித்தது. "அதான் எடுத்தாச்சே, இன்னும் என்ன வலி?" என்று மாமா கேட்டதற்கு, "இல்லாத எடத்துக்கு வாடகை கட்டிகினு இருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தாயே. அன்று நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை அக்கா.

உட்கார்ந்தால் வலி. பண்ருட்டி பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் எழுந்து நின்றுகொள்வேன். இவரோடு படுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன், அவர் பாவம் பயந்துபோய்த் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஸ்கேன் எடுத்தார்கள், நார்மல். ரத்தம் பார்த்தார்கள், நார்மல். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாம் நார்மல் என்றால் நான் ஏன் குனிந்து ஒரு வாளி தண்ணீர் தூக்க முடியாமல் நிற்கிறேன்?

கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அதுவரை யாரும் கேட்காததை அவர் கேட்டார். "வலி வர்றதுக்கு முன்னாடி மனசுல என்ன ஓடுது?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நானா கற்பனை பண்ணிக்கிறேன்னு சொல்றீங்களா?" என்று கேட்டே விட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இல்லம்மா, வலி நிஜம். ரொம்ப நாளா வலிச்ச நரம்பு, சின்ன விஷயத்தைக்கூட பெருசா சொல்லப் பழகிடும். நீ பயந்தாலோ கோபப்பட்டாலோ அடிவயித்துத் தசை உனக்கே தெரியாம இறுகும். இறுகினா வலிக்கும். வலிச்சா இன்னும் பயம். இந்த மாத்திரை நரம்பை அமைதிப்படுத்தும். மனச்சோர்வுக்கும் இதையே கொடுப்போம், ஆனா அதுக்கு அளவு அதிகம். உனக்கு வலிக்குத்தான் கொடுக்கிறேன்." மாத்திரையோடு, மூச்சை இழுத்து விட்டு அந்த இடத்தைத் தளர்த்தும் பயிற்சி ஒன்றும் சொல்லிக் கொடுத்தார்.

ஆரம்பத்தில் வாய் வறண்டது, தூக்கம் கண்ணைச் சுற்றியது. ஒரு நாள் நான் எழுந்திருக்காமல், இவர் காலை ஷிப்டுக்கு வெறும் வயிற்றோடு போனார். அதற்கும் அத்தையிடம் ஒரு பாட்டு வாங்கினேன் என்று வைத்துக்கொள். பிறகு ஒரு நாள், மாமா கொடுத்தனுப்பிய பலாப்பழத்தை உரிக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். சுளையெல்லாம் எடுத்து, கொட்டையைப் பிரித்து, சக்கையை மாட்டுக்கு ஒதுக்கி எழுந்தபோதுதான் உறைத்தது, இவ்வளவு நேரமும் வலிக்கவே இல்லை. எண்ணெய்க் கையோடு நின்று அழுதேன். அந்தச் சந்தோஷத்தில் வீடு முழுக்கச் சொன்னேன், "வலி போயிடுச்சு, மாத்திரை கேக்குது" என்று. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

இவர் மெடிக்கல் ஷாப் நண்பரிடம் அட்டையைக் காட்டியிருக்கிறார். வந்து மெதுவாகக் கேட்டார். "விஜி, இது டிப்ரஷன் மாத்திரையாமே?" அடுப்படியில் இருந்த அத்தை காதில் விழுந்துவிட்டது.

"நான் அப்பவே சொல்லல? மனசுக்கு மாத்திரை தின்னதும் வலி போச்சுன்னா, வலி எங்க இருந்துச்சாம்? மனசுலதான இருந்துச்சி? இவ்வளவு நாளும் நம்மள ஆட்டி வெச்சிருக்கா."

பார்த்தாயா அக்கா? வலித்தபோது நடிப்புக்காரி. வலி குறைந்ததும் பைத்தியக்காரி. இரண்டுக்கும் நடுவில் சாதாரணமாக ஒரு நோயாளியாக இருக்க எனக்கு இடமே இல்லை.

அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். பையனுக்குச் சுரங்கத்தில் பர்மனன்ட் வேலை, அவன் வீடு எங்கள் பக்கத்து பிளாக். டவுன்ஷிப் உனக்குத் தெரியாததா? ஒரு குவார்ட்டர்ஸில் தாளித்தால் நாலு குவார்ட்டர்ஸில் தும்முவார்கள். "மாப்ள வூட்ல தெரிஞ்சா பைத்தியம் புடிச்ச குடும்பம்னு சொல்ல மாட்டாங்க? கல்யாணம் முடியற வரைக்கும் நிறுத்தி வை" என்றார் அத்தை. இவரும், "கொஞ்ச நாள் நிறுத்திப் பாரேன், நிஜமாவே தேவையான்னு தெரிஞ்சிடும்ல" என்றார். மாத்திரை அட்டைகள் அத்தையின் பீரோவுக்குள் போயின. சாவி அவர் இடுப்பில்.

வலி திரும்பி வந்தது, வட்டியோடு. இதில் கொடுமை என்ன தெரியுமா? டாக்டரம்மா சொன்னதெல்லாம் என் உடம்பிலேயே நடப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையின் சாவிக்கொத்து சத்தம் கேட்டால் போதும், அடிவயிறு தானாக இறுகும். மத்தியானம் மைன்ஸில் வெடி வைத்து ஜன்னல் அதிர்ந்தால் அதோடு வலியும் ஏறும். அழுதால் "பாத்தியா?" சிரித்தால் "பாத்தியா?" கோபப்பட்டால் "மாத்திரை நிறுத்தினதால இப்படி ஆடுறா." வலிக்கிறது என்று சொன்னால் "மாத்திரை கேக்கறதுக்கு ஒரு சாக்கு." எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கத்தவும் முடியாது, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

ஒரு நாள் தாங்காமல் அத்தையிடமே கேட்டேன், "உங்களுக்கு இப்படி வலிச்சதே இல்லையா அத்தை?" "ஏன் வலிக்காம? புள்ள பெத்த மறு மாசம் நடவுக்குப் போனவ நான். யாருகிட்ட சொன்னேன்? சொல்லி என்னா ஆவப் போவுது?" கோபத்தோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, அதை மறைப்பானேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட உட்கார்ந்தவருக்கு போன் வந்தது, பாதிச் சோற்றில் எழுந்து ஓடினார். இவருக்குச் சுரங்கத்தில் பம்ப் செக்ஷன் வேலை அல்லவா? சாயங்காலம்தான் திரும்பினார். என்னவென்று அத்தை கேட்க, டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"நாலஞ்சு பம்ப் ஒரே நேரத்துல நின்னுபோச்சும்மா. கரிக்கு அடியில தண்ணி மேல முட்டிகிட்டே இருக்கும். ராப்பகலா இறைச்சாத்தான் தரை நிக்கும். விட்டா அடியிலேர்ந்து உப்பிப் பொத்துகிட்டு வந்துடும்."

"தரைதான் காஞ்சி கெடக்குதுன்னு சொல்லுவியேடா. கொஞ்ச நாளு நிறுத்தினா என்னாவாம்?"

இவர் சிரித்துவிட்டார். "பம்ப் ஓடுறதாலதாம்மா காஞ்சி கெடக்கு!"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "ஏங்க, தரை காஞ்சி கெடக்குதே, அதைப் பாத்துட்டு அடியில தண்ணியே இல்லன்னு யாராச்சும் சொல்றாங்களா?"

"அது எப்படிச் சொல்லுவாங்க?"

"நீங்க சொன்னீங்களே! மாத்திரை போட்டேன், வலி அடங்குச்சு. உடனே வலியே பொய்யின்னுட்டீங்க. நிறுத்திப் பாருன்னீங்க. உங்க ஆபீசர்கிட்ட போய்ச் சொல்லுங்களேன், பம்ப்பெல்லாம் நிஜமாவே தேவையான்னு கொஞ்ச நாள் நிறுத்திப் பாக்கலாம்னு!"

இவர் பாதி டீயோடு டம்ளரைத் தள்ளி வைத்தார். அப்புறம் அத்தையிடம் கை நீட்டினார். "சாவியைக் குடும்மா." அத்தை, "கல்யாணம் முடியட்டும்டா" என்றார். நீட்டிய கையை இவர் மடக்கவில்லை. மறுநாளே டாக்டரம்மாவுக்கு போன் செய்து, அவர் சொன்ன அளவில் மறுபடி ஆரம்பித்தேன்.

இத்தோடு சுபம் என்று நினைத்துவிடாதே. "உன்கிட்டயே வெச்சிக்கோ விஜி, ஆனா வெளியில யாருக்கும் தெரிய வேணாம்" என்றார் இவர். அத்தை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வெந்தய டப்பாவுக்குள் அட்டையை ஒளித்து, குளியலறையில் வைத்து விழுங்கினேன். வலி குறைந்தது, ஆனால் திருடி மாதிரி ஒரு கூச்சம். திருட்டுத்தனமாகச் சாப்பிடும் மாத்திரையால் மனசு எப்படி அமைதியாகும், சொல்லு?

போன வாரம் உன் மகள் கவிதா லீவுக்கு வந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம், உன்னைவிட உயரம். சாப்பிட உட்கார்ந்தவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு தொடையை ஊன்றி உட்கார்ந்தாள். நீ அப்படித்தான் உட்காருவாய். நானும் அப்படித்தான்.

"எவ்வளவு நாளாடி?" என்று கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க சித்தி. அப்பாகிட்ட சொன்னதுக்கு, உங்கம்மா மாதிரியே நடிக்காதன்னுட்டாரு" என்றாள்.

எழுந்து போய் டப்பாவைத் திறந்தேன். மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து கூடத்தில், அத்தைக்கும் இவருக்கும் முன்னால் வைத்தேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. "இது நான் அடிவயித்து வலிக்குச் சாப்பிடுற மாத்திரை. உனக்கு இதுவா, வேறயான்னு டாக்டர் பாத்துச் சொல்லட்டும். நான் உன்னை நம்புறேன் கவிதா" என்று சொல்லி, அங்கேயே விழுங்கினேன். இவர் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார். "இருக்கட்டும்டா" என்று சொன்னது அத்தை. பிறகு கவிதா தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.

நாளை காலை பாண்டிச்சேரிக்கு பஸ். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. அவள் வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன். வலி போய்விட்டது என்றால் சந்தோஷப்படுவேன், அதை வைத்து அவளை விசாரிக்க மாட்டேன், யாரையும் விசாரிக்க விடவும் மாட்டேன். நீயும் நானும் யார் வாயிலிருந்தும் கேட்காமலே போன 'நம்புறேன்' என்ற அந்த ஒரு வார்த்தையை உன் மகள் கேட்டுவிட்டாள்.

உனக்குத் தங்கச்சி, இனி உன் மகளுக்குச் சித்தியும் அம்மாவும்,
விஜயா