பழைய கார்டுக்கு இடமில்லாத மெஷின்

அத்தான்,

இன்று பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள கடையில் ஒரு புது கேம் மெஷினைப் பிரித்துக் காட்டினார்கள். தெர்மாகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை வந்ததும், என்னையறியாமல் உங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டேன்: "மருமக வீட்டுப் பழைய ஆளுங்களோட ஒத்துப்போவாளா?" கடைக்காரர் விழித்தார். பழைய சிடி ஓடுமா, பழைய மெமரி கார்டு ஏறுமா என்று விளக்கினேன். "கார்டு சொருக இடமே கிடையாது சார். இப்ப யாரு அதெல்லாம் கேக்குறாங்க?"

நீங்கள் கேட்டீர்கள். உங்கள் இரண்டாவது மெஷினை வாங்கப் போன அன்று, புளி மண்டியிலிருந்து நேரே வந்து, பெண் பார்க்கும் தோரணையில் உட்கார்ந்து கேட்டீர்கள். பழைய கிரிக்கெட் சிடியைப் போட்டு, கார்டைச் சொருகி, நம் அணி திரையில் வந்த பிறகுதான் "சரி, பேசி முடிங்க" என்றீர்கள்.

அந்த ஆட்டத்தில் வீரர்களின் பெயரை மாற்ற வழியிருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கிறிஸ்துமஸ் மதியம், ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி, அணி முழுவதையும் நம் வீட்டாராக மாற்றிக் கார்டில் சேமித்தீர்கள். முதலில் இறங்குவது அக்கா. அவள் அவுட் ஆனால் 'அத்தான்', அதாவது நீங்கள். நான் கடைசி. "மாப்ள பேப்பர்ல எழுதுற ஆளு, எல்லாம் முடிஞ்சப்புறந்தான் வருவாரு." இடம் பத்தாமல் பெரியப்பா 'பெரியப்' என்று நின்றார். "ஏலே, எம் 'பா'வ எவன்டா தின்னது?" என்று சாயங்காலம் வரை அவர் விடவில்லை.

பிறகு ஒருமுறை, புது மெஷினில் பழைய ஆட்டம் ஓடுவது அவசியமா என்று ஞாயிறு பக்கத்துக்கு எழுதினேன். பழசையும் தாங்க வைத்தால் விலை கூடும், வாங்கியவர்கள் பழசைச் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்று விற்பவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்படியே எழுதினேன். படித்துவிட்டுச் சொன்னீர்கள்: "எல்லாஞ் சரிதான் மாப்ள. ஆனா பழசு ஓடுதுங்கிற தைரியத்துலதான புதுசத் தொடுறோம்."

நீங்கள் போனபின் உங்கள் மெஷின் அடிக்கடி சூடேறி நின்றுவிடுகிறது. அது படுத்துவிட்டால் நம் வீட்டார் அத்தனை பேரும் அந்தக் கார்டுக்குள்ளேயே அடைந்துபோவார்கள். அதற்காகத்தான் கடைக்குப் போனேன். வெறுங்கையோடு திரும்பினேன்.

அக்காவிடம் சொன்னேன். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்டா. போடு" என்று ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நாளாக அவளும் ஆடுகிறாள். நான் பந்து போட்டால் மட்டையைத் தூக்குவதே இல்லை. ஸ்டம்பு விழுகிறது.

"ஆடுக்கா!"

"நான் ஆடி என்னத்தக் கிழிக்கப் போறேன்? அடுத்த ஆள வரச் சொல்லு."

ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், அடுத்தவர் நடந்து வராமல் உடனே களத்தில் நிற்பார். நாங்கள் அமுக்குவதில்லை. திரையின் கீழே உங்கள் பெயரோடு, மட்டையைப் பிடித்துக்கொண்டு, எல்லைக்கோட்டிலிருந்து நீங்கள் நடந்து வந்து சேரும்வரை, இருவரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.